கோயில் சுவர்க் கல்வெட்டைப் படியெடுப்பது எப்படி? சென்னையில் புதிதாகத் தொடங்குவோருக்கு

சென்னைக்குள்ளேயே திருவொற்றியூர், திருவான்மியூர், வேளச்சேரி, பாடி, திருவல்லிக்கேணி எனக் கல்வெட்டுள்ள கோயில்கள் பல இருக்கின்றன. ஒருநாள் பிரகாரம் சுற்றும்போது எழுத்து கண்ணில் படும், படிக்க ஆசை வரும். அங்கிருந்து ஒரு கல்வெட்டை ஒழுங்காகப் பதிவு செய்து முடிப்பதற்குள் எதிர்ப்படும் வேலைகள்தான் கீழே உள்ளவை. வரிசையை மாற்றாதீர்கள். படியெடுப்பது என்றால் ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, மேலே மை ஒற்றி, எழுத்தைத் தாளில் எடுப்பது; மசிப்படி என்பதும் இதுதான். அந்தத் தாளும் மையும் ஆறாவதாகத்தான் வருகின்றன. அதை முதலாவதாக வைத்துக்கொள்பவர்கள்தான் கோயில் அலுவலகத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

கால அளவு: முழுவதற்கும் இரண்டு மாதம் ஒதுக்குங்கள். அதில் சுவர் முன்னால் நிற்பது ஒன்றிரண்டு நாள்தான். பாதிக்கு மேல் அனுமதிக்காகக் காத்திருப்பதில் போகும்.

1. ஏற்கெனவே பதிவானதா என்று பாருங்கள்

சுவரில் நீங்கள் பார்த்ததை வேறொருவர் நூறு ஆண்டுக்கு முன்பே படியெடுத்திருக்க வாய்ப்பு மிக அதிகம். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1887 முதல் ஆண்டறிக்கை வெளியிட்டு வருகிறது. அந்தந்த ஆண்டு படியெடுத்த ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஓர் எண் உண்டு. புத்தகங்களில் '126/1912' என்று பார்த்தால், 1912-இல் படியெடுத்தவற்றில் 126-ஆவது என்று பொருள். திருவொற்றியூர்க் கல்வெட்டுகளில் பெரும்பகுதி அந்த 1912 பட்டியலில்தான் இருக்கிறது.

தேடும்போது மூன்று நிலைகளில் ஒன்று தெரியவரும்.

(அ) முழுப் பாடமும், அதாவது கல்வெட்டின் வாசகம் முழுவதும், அச்சாகியிருக்கும். 1890-இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளிலோ, மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்ட தொகுதிகளிலோ கிடைக்கும். அப்படியானால் படியெடுக்கத் தேவையே இல்லை. அச்சுப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் படித்துப் பழகுங்கள். தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

(ஆ) ஆண்டறிக்கையில் மூன்று நான்கு வரி ஆங்கிலச் சுருக்கம் மட்டும் இருக்கும், பாடம் அச்சாகியிருக்காது. இந்த வகைதான் ஏராளம். உங்கள் உழைப்பு உண்மையில் பயன்படப்போவதும் இங்கேதான். ஆண்டறிக்கை எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த படிக்குப் போகலாம்.

(இ) எங்கும் இல்லை. உடனே 'புதிய கண்டுபிடிப்பு' என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் வெளியிடும் 'ஆவணம்' இதழ்களையும் புரட்டிய பிறகே (இ) என்று முடிவு கட்டுங்கள். அண்மைக்காலக் கண்டுபிடிப்புகள் பல அங்கேதான் வந்திருக்கின்றன.

எங்கே பார்ப்பது? எழும்பூரில் கன்னிமாரா நூலகமும், ஆல்சு சாலைத் தமிழ் வளர்ச்சி வளாகத்தில் உள்ள மாநிலத் தொல்லியல் துறையும் ஒரே நாளில் முடிக்கக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய ஆண்டறிக்கைகள் பலவற்றை ஸ்கேன் செய்து இணையத்திலும் ஏற்றியிருக்கிறார்கள். எழுத்துணரி மென்பொருள் இந்தப் பழைய அச்சில் தடுமாறும். அதனால் தேடல் பெட்டியை நம்பாமல் ஊர்ப்பட்டியலைக் கண்ணால் ஓட்டுங்கள்.

பொறி: இன்றைய மாவட்டப் பெயரை வைத்துத் தேடினால் ஒன்றும் அகப்படாது. திருவான்மியூரும் வேளச்சேரியும் அன்றைய அறிக்கைகளில் செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை வட்டம். ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் வேறாக இருக்கும். 'திருவொற்றியூர்' என்பதற்கே மூன்று நான்கு வடிவங்களைப் பார்க்கலாம். கல்வெட்டு இருக்கும் இடத்தையும் அறிக்கை சொல்லும், 'மத்திய சன்னதி, தெற்குச் சுவர்' என்று. நூறாண்டில் அந்தச் சுவரே திருப்பணியில் மாறியிருக்கலாம் என்பதை மனதில் வையுங்கள்.

நேரம்: இரண்டு அரை நாள். செலவு: பேருந்துக் கட்டணமும் நகலெடுப்பும் மட்டும்.

2. வெறுங்கையோடு போய்ப் பாருங்கள்

இந்த முறை ஒரு நாடா, நோட்டு, பென்சில், போன் போதும். குறிக்க வேண்டியவை: கல்வெட்டு அதிட்டானத்தில் (சுவருக்குக் கீழுள்ள அடித்தளம்) இருக்கிறதா, சுவரில் இருக்கிறதா, தூணிலா? அதிட்டானம் என்றால் ஜகதியா (அடிப்பட்டை), குமுதமா (நடுவில் உருண்டோ பட்டையாகவோ இருப்பது), பட்டிகையா (மேல்பட்டை)? நீளம், உயரம், எத்தனை வரி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றும் எழுதுங்கள். பல கல்வெட்டுகள் ஒரு பக்கத்தில் தொடங்கி, மூலை திரும்பி, அடுத்த பக்கத்தில் தொடரும். வரிகள் ஒரே கல்லோடு நின்றுவிட்டால் அது இடம் மாறிய கல்லாக இருக்கலாம். திருப்பணியில் கழற்றி மாட்டும்போது தலைகீழாக வைத்த கற்களும் உண்டு.

அடுத்து, கல்லின் நிலை. விரல் நுனியால் மெதுவாகத் தட்டுங்கள். பொத்தென்று சத்தம் வந்தாலோ, மேற்பரப்பு பொருக்காக உரிந்தாலோ அந்தக் கல்லில் படியெடுக்கவே கூடாது, படம் மட்டும்தான். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கல்லில் தாள் ஒட்டாது. சுண்ணாம்போ பெயின்டோ பூசியிருந்தால் சுரண்டாதீர்கள். அதை நீக்குவது துறையின் வேலை. சுரண்டுகிற கத்தி பெயின்டோடு எழுத்தின் விளிம்பையும் சேர்த்தே எடுத்துவிடும்.

வெயில் எப்போது எங்கே விழுகிறது என்பதையும் பாருங்கள். எழுத்து தெளிய வேண்டுமென்றால் ஒளி சுவரை உரசிக்கொண்டு வர வேண்டும். சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்குச் சற்றுப் பிந்தி. ஆகவே கிழக்குச் சுவருக்கு 11 முதல் 12 வரை, மேற்குச் சுவருக்கு 12.15 முதல் 1.15 வரை. தெற்குச் சுவருக்குப் பங்குனித் தொடக்கத்திலும் புரட்டாசியிலும் காலை 7 முதல் 9. வடக்குச் சுவர் வைகாசி முதல் ஆடி வரைதான் வெயிலை நன்றாகப் பார்க்கும். இதில் சங்கடம் என்னவென்றால், நல்ல ஒளி வரும் நடுப்பகலில் பெரும்பாலான கோயில்கள் நடை சாத்தியிருக்கும். காலை வெயிலையோ மதில் மறைத்துவிடும். அதனால்தான் அனுமதிக் கடிதத்தில் நேரத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

3. கோயில் யார் பொறுப்பில் இருக்கிறது?

இதைத் தவறாகப் புரிந்துகொண்டால் கடிதம் சுற்றிச் சுற்றி வரும். ஒரு மாதம் வீண். நான்கில் ஒன்றாக இருக்கும்:

இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் வாசலிலேயே அறிவிப்புப் பலகை இருக்கும். கடிதம் புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள சென்னை வட்டக் கண்காணிப்புத் தொல்லியலாளருக்குப் போக வேண்டும்.

மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தால் எழும்பூர் அலுவலகத்துக்கு.

இந்து சமய அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலருக்கு எழுதி, நகலை மண்டல இணை ஆணையருக்கு அனுப்புங்கள். சென்னையில் உங்களுக்கு வாய்க்கப்போவது பெரும்பாலும் இந்த வகை.

தனியார் அறக்கட்டளை அல்லது குடும்பக் கோயில் என்றால் அறங்காவலர். ஏரி மதகிலோ புறம்போக்கிலோ நிற்கும் கல் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிட்டு வட்டாட்சியருக்கு எழுதுங்கள்.

பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் அனுமதியின்றிக் கைவைப்பது விளையாட்டல்ல. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில், 2010 திருத்தத்துக்குப் பிறகு, சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மை சிந்தினாலும் சேதம் சேதம்தான்.

4. அனுமதிக் கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். தமிழிலேயே எழுதுங்கள். இருக்க வேண்டியவை:

– கல்வெட்டு இருக்கும் துல்லியமான இடம்: 'கருவறைத் தெற்கு அதிட்டானம், ஜகதி, 4 வரிகள்'. 'கோயில் கல்வெட்டுகள் அனைத்தும்' என்று எழுதினால் கோப்பு நகராது.
– ஆண்டறிக்கை எண், அல்லது பதிவாகவில்லை என்ற குறிப்பு. நீங்கள் வீட்டுப்பாடம் முடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்பதை அலுவலருக்குக் காட்டுவது இந்த ஒரு வரிதான்.
– என்ன செய்யப்போகிறீர்கள்: நிழற்படம், மசிப்படி, இரண்டுமா? படத்துக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு வாளியும் பிரஷும் தூக்கிக்கொண்டு போனால் வாசலிலேயே தடை.
– என்னென்ன பொருள் பயன்படும், கல்லில் எதுவும் தங்காது என்ற உறுதி.
– எத்தனை பேர், எந்த நாள், எத்தனை மணி. மாற்றாக இன்னொரு நாள்.
– படியின் நகலையும் பாடத்தையும் அலுவலகத்துக்குத் தருவதாக ஒரு வரி.

இணைப்பு: ஆதார் நகல், பல்கலைக்கழகமோ ஆய்வு அமைப்போ தந்த கடிதம் இருந்தால் அது, முன்பார்வையில் எடுத்த ஒரு படம். கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நேரில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மூன்று முதல் ஆறு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் போட்டால் 30 நாளில் பதில் வருமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். கோப்பு யார் மேசையில் இருக்கிறது என்று அதில் தெரியும், அனுமதி கிடைக்காது. அதற்குப் பிறகு அந்த அலுவலகத்தில் உங்களுக்குக் காபி வராது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

நாள் குறிக்கும்போது பிரதோஷம், வெள்ளி, கிருத்திகை, பிரம்மோற்சவம், மார்கழி முழுவதையும் தவிர்த்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கல் காயாது. அக்னி நட்சத்திரத்தில் தாள் ஒட்டுவதற்குள் உலர்ந்துவிடும். தை முதல் பங்குனி வரை நல்ல காலம்.

பொறி: குருக்களோ பட்டாச்சாரியாரோ 'தாராளமா எடுத்துக்கோங்க' என்று சொல்வது அனுமதி ஆகாது. அதே சமயம், எழுத்தில் அனுமதி வைத்திருந்தாலும் அவரிடம் முதலில் போய்ச் சொல்லிவிட்டே தொடங்குங்கள். தண்ணீர்க் குழாய் எங்கே, எந்த நேரத்தில் கூட்டம் வரும், எந்தச் சன்னதிப் பக்கம் கால் வைக்கக்கூடாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

5. முதலில் படம்

நல்ல படம் கிடைத்தாலே பாதிக் கல்வெட்டுகளுக்கு மசிப்படி தேவைப்படாது. போனே போதும். பிளாஷை அணைத்துவிடுங்கள், நேரே விழும் ஒளி எழுத்தை அழித்துவிடும். ஒருவர் டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல், சுமார் 10–15 டிகிரி சாய்வில் பிடிக்க வேண்டும். கருப்புக் குடையோ போர்வையோ வைத்து வெளிச்சத்தை மறைத்தால் பகலிலும் இது நடக்கும். ஒவ்வொரு பகுதியையும் இடம், வலம், மேல், கீழ் என நான்கு பக்க ஒளியில் எடுங்கள். செங்குத்துக் கோடு மேலிருந்தோ கீழிருந்தோ வரும் ஒளியில் மறைந்தே இருக்கும். இடமிருந்தோ வலமிருந்தோ வரும்போது தெரியும். வெயில் எட்டாத சுவருக்கு ஒன்றரை அடி முகம் பார்க்கும் கண்ணாடி கொண்டுபோய் ஒளியைத் திருப்பலாம். கல்வெட்டுக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது இது.

அடுத்தடுத்த படங்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். ஒவ்வொரு படத்திலும் 10 செ.மீ. அளவுகோலும், ஊர், இடம், வரிசை எண் எழுதிய சீட்டும் இருக்கட்டும். முழுச் சுவரும் தெரிய இரண்டு படம் தனியாக எடுங்கள். இதை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தபின், எந்தத் துண்டு எங்கே என்று தெரியாமல் விழிப்பவர்கள் ஏராளம்.

எழுத்து தெரியவில்லையே என்று விபூதி, மைதா, சாக்பீஸ் பொடி தேய்க்காதீர்கள். மாவு எறும்பையும் பூஞ்சையையும் கூட்டிவரும். சாக்பீஸ் துளைகளில் தங்கிவிடும். அதோடு, நீங்கள் 'இதுதான் எழுத்து' என்று நினைத்த இடத்தில்தான் வெள்ளை ஏறும், இருக்கிற எழுத்தில் ஏறாது. தெளிவின்றி நிற்கும் கல்வெட்டைத் தவறாகப் படிக்க இதைவிடச் சுருக்கு வழி இல்லை.

6. மசிப்படி எடுத்தல்

தாள்: பளபளப்பில்லாத மேப்லித்தோ, 60 முதல் 80 ஜி.எஸ்.எம். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் டெம்மி அளவில் (சுமார் 58×45 செ.மீ.) வாங்கலாம். செய்தித்தாள் ரகம் அடிக்கும்போது கிழியும், மையும் ஊடுருவிக் கல்லில் இறங்கும். 100-க்கு மேல் தடித்தால் எழுத்தின் குழிக்குள் இறங்காது. ஆர்ட் பேப்பர் தண்ணீரையே குடிக்காது. 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் உயரக் கல்வெட்டுக்குப் பத்துத் தாள் வரும். கைத்தவறுக்குச் சேர்த்துப் பதினைந்து வாங்குங்கள்.

மை: 50 கிராம் புகைக்கரிப் பொடி, 17 கிராம் கருவேலம் பிசின். மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கு. பிசினை 100 மி.லி. தண்ணீரில் முதல்நாள் இரவே ஊறவைத்துத் துணியில் வடிகட்டுங்கள். கரிப்பொடி தண்ணீரில் சேராமல் மிதக்கும். முதலில் சில சொட்டு ஸ்பிரிட் விட்டுக் குழைத்து, பிறகு பிசின் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அம்மியிலோ கல்வத்திலோ அரையுங்கள். இட்லி மாவுப் பதம் போதும், தோசைமாவாக ஓடக் கூடாது. பிசின் குறைந்தால் காய்ந்த படியைத் தொட்டாலே கை கருக்கும். கூடினால் தாள் மொறமொறத்து மடிப்பில் வெடிக்கும்.

மற்றவை: தேங்காய் நார் பிரஷ் அல்லது மென்மையான நைலான் பிரஷ் ஒன்று, கழுவுவதற்கு. தாளை அடிக்க, முடி நெருக்கமான, கைப்பிடியுள்ள பிரஷ் ஒன்று. பஞ்சை உள்ளே வைத்து நெருக்கமான நெசவுத் துணியால் இறுக்கிக் கட்டிய, சாத்துக்குடி அளவு மை ஒற்றி இரண்டு. மை தடவத் தட்டையான பலகை, வாளி, ஸ்பாஞ்சு, பழைய வேட்டி, பென்சில். எல்லாம் சேர்ந்து ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். அடிக்கும் பிரஷில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். முடி உதிரும் பிரஷ் தாளைத் துளைக்கும். கம்பி பிரஷ் வீட்டிலேயே இருக்கட்டும்.

இனி வேலை.

கழுவுதல்: வெறும் தண்ணீர், நார் பிரஷ். ஆசிட், பிளீச்சிங் பவுடர், சோப்பு எதுவும் வேண்டாம். எழுத்துக் குழியில் அடைந்த மண்ணை மூங்கில் குச்சியால் எடுங்கள். பாசி கெட்டியாக இருந்தால் அரைமணி நனையவிட்டுத் தேயுங்கள். அப்படியும் வராததை விட்டுவிடுங்கள்.

ஒட்டுதல்: தாளின் மேல்மூலையில் அம்புக்குறியும் எண்ணும் பென்சிலால் எழுதிய பிறகு, ஸ்பாஞ்சால் இருபுறமும் நனையுங்கள். ஈரக் கல்லில் மேல்விளிம்பை முதலில் பதித்து, கீழ்நோக்கித் தடவிக்கொண்டே வாருங்கள். அடுத்த தாள் 5 செ.மீ. மேலேறி இருக்கட்டும். குமுதம் உருண்டையாக இருந்தால் முழுத்தாள் சுருங்கி மடியும். தாளை நீளவாக்கில் பட்டைகளாகக் கிழித்துக்கொண்டு ஒட்டுங்கள்.

அடித்தல்: நடுவிலிருந்து விளிம்பை நோக்கி, பிரஷை நேராகப் பிடித்து. காற்றுக் குமிழ் வெளியேறி, தாள் எழுத்துக் குழிக்குள் இறங்கும் வரை. ஒரு தாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். கிழிந்தால் அதே தாளிலிருந்து சிறு துண்டை நனைத்து மேலே வைத்து அடியுங்கள், பிடித்துக்கொள்ளும்.

காத்திருத்தல்: எல்லாருமே கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். தாளில் நீரின் மினுமினுப்பு போய், தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரிய வேண்டும். நிழலில் இருபது முதல் நாற்பது நிமிடம். வெயிலில் பத்தே நிமிடம். அவசரப்பட்டால் மை பரவிக் குழிக்குள் ஓடும், எழுத்து அடைந்துவிடும். தாமதித்தால் தாள் கல்லைவிட்டு எழும்பும். திருவொற்றியூர், திருவான்மியூர் போன்ற கடலோரக் கோயில்களில் பிற்பகலில் கடல்காற்று எழுந்தவுடன் விளிம்புகள் படபடக்கும். அங்கே காலையிலேயே முடித்துவிடுங்கள்.

மை ஒற்றுதல்: பலகையில் மெல்லத் தடவிய மையை ஒற்றியில் எடுத்து, கழிவுத் தாளில் நாலு தட்டுத் தட்டி, பிறகு படியில். தேய்க்கக் கூடாது, ஒத்தடம் கொடுப்பதுபோல ஒற்ற வேண்டும். முதல் சுற்றில் சாம்பல் நிறம் போதும். இரண்டாவது, மூன்றாவது சுற்றில் கருமை ஏறட்டும். கருப்புத் தரையில் வெள்ளை எழுத்து நேராகவே எழுந்து வரும்.

எடுத்தல்: முழுக்க உலரும்முன், மேல்மூலையிலிருந்து. தானாக உதிரட்டும் என்று வெயிலில் விட்டால் சுருங்கி, நடுவில் கிழியும். வேட்டியில் பரப்பி நிழலில் காயவையுங்கள். பிறகு கல்லைக் கழுவி, மைத்துளி எங்கேனும் உண்டா என்று பார்த்து, கழுவிய நிலையில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது 'நீங்கள்தான் கெடுத்தீர்கள்' என்றால் காட்டுவதற்கு.

7. படித்தல்

சோழர் காலத் தமிழெழுத்து இன்றைய எழுத்துக்கு நெருங்கியதுதான். ஒரு மாதம் பழகினால் பிடிபடும். சிக்க வைப்பவை வேறு. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு காட்டமாட்டார்கள். ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. வரி முடிந்தால் சொல் நடுவிலேயே உடையும். 'ஸ்வஸ்திஸ்ரீ' தொடங்கி வடசொற்கள் கிரந்த எழுத்தில் இருக்கும். எண்கள் குறியீடுகளாக வரும்: ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம், ௰௪ என்றால் 14.

உள்ளடக்கம் ஓரளவு திரும்பத் திரும்ப வருவது உங்களுக்குத் துணை. கடவுளுக்கு நொந்தா விளக்கு (அணையா விளக்கு) ஒன்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' (எண்ணிக்கை குறையாமல் காக்கப்படும் ஆடு) தொண்ணூறு, 'சந்திராதித்தவல்' (சந்திர சூரியர் உள்ளவரை), 'பன்மாஹேஸ்வர ரக்ஷை' (சிவனடியார்களின் காவல்) என்று தொடர்கள் பழகிவிட்டால் சிதைந்த இடத்தில் என்ன இருக்கக்கூடும் என்று ஊகிக்கலாம். ஊகித்ததை ஊகம் என்றே காட்டுங்கள். ஐயமான எழுத்து சதுர அடைப்புக்குள். அழிந்த எழுத்துகளுக்கு எண்ணிக்கைக்கேற்பப் புள்ளி. நீங்கள் சேர்த்ததற்கு உடுக்குறி. பாடத்தை வரி எண்ணோடு, கல்லில் உள்ளபடியே, புள்ளி சேர்த்துத் திருத்தாமல் ஒருமுறை எழுதிவிட்டு, இன்றைய நடையில் தனியாக எழுதுங்கள்.

காலக் கணிப்பு: ஆட்சியாண்டை அரசன் பட்டமேறிய ஆண்டோடு கூட்டி ஒன்றைக் கழியுங்கள். பட்டமேறிய ஆண்டே முதலாம் ஆட்சியாண்டு. முதலாம் பராந்தகன் 907. 'மதிரை கொண்ட கோப்பரகேசரிக்கு யாண்டு ௰௪' என்றால் 920–921. முதலாம் இராசராசன் 985, முதலாம் இராசேந்திரன் 1012, முதலாம் குலோத்துங்கன் 1070. சக ஆண்டு கொடுத்திருந்தால் 78 கூட்டுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, பரகேசரி, இராசகேசரி என்பவை சோழர்கள் மாறி மாறிச் சூடிய பட்டங்கள். 'கோப்பரகேசரிபன்மர்' என்று மட்டும் இருந்தால் எந்தச் சோழன் என்று சொல்ல முடியாது. 'திருமகள் போல' என்று தொடங்கினால் இராசராசன், 'திருமன்னி வளர' என்றால் இராசேந்திரன். இப்படி அரசன் புகழ் பாடும் தொடக்கத்துக்கு மெய்க்கீர்த்தி என்று பெயர். அது இல்லாதபோது எழுத்தமைதியை, அதாவது எழுத்தின் வடிவத்தைக் கொண்டு நூற்றாண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு, பழைய கோயிலைப் பிரித்துக் கட்டும்போது முந்தைய கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டிவைத்த இடங்கள் உண்டு. அரசன் பத்தாம் நூற்றாண்டு, எழுத்தோ பன்னிரண்டாம் நூற்றாண்டு என்று வந்தால் குழம்ப வேண்டாம். காரணம் அதுவாக இருக்கலாம். செய்தித்தாளுக்கு 'ஆயிரம் ஆண்டுப் பழமையான கோயில்' என்று தலைப்புக் கொடுப்பதற்கு முன் இதையும் பாருங்கள்.

பழக வேண்டுமென்றால் ஒருநாள் உத்திரமேரூர் போய்வாருங்கள். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலைத் தேர்தல் பற்றிய பராந்தகனின் 12, 14-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் தெளிவாக நிற்கின்றன, பாடமும் அச்சில் உண்டு.

8. ஒப்படைப்பும் சேமிப்பும்

படியை மடிக்காதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். பி.வி.சி. குழாயில் சுருட்டி, இடையில் வெள்ளைத்தாள் வைத்து, இரு முனையும் துணியால் கட்டுங்கள். பிளாஸ்டிக் மூடி போட்டால் சென்னை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். பின்பக்கம் பென்சிலால்: ஊர், கோயில், இடம், தேதி, தாள் எண், எடுத்தவர், ஆண்டறிக்கை எண்.

வாக்குக் கொடுத்தபடி கோயில் அலுவலகத்துக்கு ஒரு நகல். பதிவாகாத கல்வெட்டு என்றால் மாநிலத் தொல்லியல் துறைக்குப் படம், பாடம், இருப்பிடம் மூன்றையும் இணைத்து எழுதுங்கள். வெளியிடும் முன் கல்வெட்டறிஞர் ஒருவரிடம் பாடத்தைக் காட்டுங்கள். முதல் பத்துக் கல்வெட்டுகளில் திருத்தம் வராமல் இருக்காது.

9. எழுத்தே இல்லாத பொருள் கண்ணில் பட்டால்

கல்வெட்டு தேடிச் சுற்றுபவர்களுக்குப் புறநகரில் வேறு பொருளும் அகப்படும்: கடைக்கால் தோண்டும்போது தாழி, செம்மண் மேட்டில் செதுக்கிய கல், ஏரிக்கரையில் கருப்பு சிவப்புப் பானை ஓடு. பல்லாவரத்தில் 1863 மே 30-இல் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்ததும் அப்படி ஒரு செதுக்கிய கல்தான், பழைய கற்காலக் கருவி. கையில் எடுத்துப் பையில் போட வேண்டும் என்று தோன்றும். போடாதீர்கள். திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு என்று கணிக்க முடிந்தது, அவை கலையாத மண்ணடுக்கில், எந்த ஆழத்தில் கிடந்தன என்று தெரிந்ததால்தான். கல்வெட்டாவது தன் காலத்தைத் தானே சொல்லும். கற்கருவிக்கு அது கிடந்த மண்தான் பேச வேண்டும்.

கிடந்தபடியே அளவுகோல் வைத்து நான்கு படம், போனில் ஜி.பி.எஸ். குறிப்பு, தரைமட்டத்திலிருந்து ஆழம், மண்ணின் நிறம், யார் எதற்காகத் தோண்டியது. இவற்றை எழுதி வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் அன்றே அனுப்புங்கள். காசோ நகையோ புதையலாக வந்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். அந்தப் பத்து ரூபாய் இன்றும் பத்து ரூபாயாகவே இருக்கிறது. ஜே.சி.பி. ஓட்டுநரிடம் தன்மையாகப் பேசி, அந்த மூலையை மட்டும் இரண்டு நாள் தொடாமல் இருக்கச் சொல்லுங்கள்.